அக்கா கொடுத்த ஊசிப் பேனா: உடல் எடைக்கு மருந்து எடுக்கலாமா?

கடலூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 37. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. கணவர், பதினான்கு வயது மகன், ஒன்பது வயது மகள், மாமியார் ஆகியோருடன் வசிக்கிறார். உயரம் 154 செ.மீ., எடை 88 கிலோ. இரண்டு ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கும், ஆறு ஆண்டுகளாகத் தைராய்டுக்கும் மாத்திரை எடுத்து வருகிறார். மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.2. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, இரண்டாம் நிலை என்று வந்திருக்கிறது. மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சில நேரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. குறட்டைச் சத்தம் தாங்காமல் மகள் பாட்டியின் அறைக்குப் படுக்கப் போய்விட்டாள். இரண்டாம் மாடியில் இருக்கும் வகுப்புக்கு ஏறும்போது நடுவில் நின்று, கைப்பையில் எதையோ தேடுவதுபோல மூச்சு வாங்கிக்கொள்வதாக எழுதியிருக்கிறார்.

இதுவரை மூன்று முறை எடையைக் குறைக்க முயன்றிருக்கிறார். ஒருமுறை சோற்றை அறவே விட்டு 11 கிலோ குறைத்தார். ஒன்றரை ஆண்டில் 14 கிலோ ஏறிவிட்டது. பெங்களூரில் இருக்கும் பெரியம்மா மகள் வாரம் ஒருமுறை ஊசி போட்டு நன்றாக இளைத்திருக்கிறார். அவர் ஊருக்கு வந்தபோது, தான் பயன்படுத்திய பேனாவில் மீதமிருந்த மருந்தை, ஊசிமுனையை மட்டும் மாற்றி, தான் போடும் 1 மில்லிகிராம் அளவிலேயே இவருக்கும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த மூன்று நாளும் வாந்தி. பள்ளிக்கு விடுப்பு எடுத்து, வீட்டில் ‘வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். பேனா இன்னமும் ஃப்ரிட்ஜில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் இருக்கிறது.

அவருடைய கேள்விகள் இவை. மருந்து போட்டு இளைப்பது சரிதானா? தைராய்டு இருப்பவர்கள் இந்த ஊசியைப் போடக் கூடாது என்கிறார்களே, உண்மையா? ஆவணியில் நாத்தனார் மகள் திருமணம். அதற்குள் 15 கிலோ குறைத்துவிட்டு ஊசியை நிறுத்திவிடலாமா? ‘ஊசியெல்லாம் வேண்டாம்’ என்கிற கணவரின் சம்மதம் அவசியமா? புதுச்சேரியில் ஒரு அழகு மையம் ‘மாதம் 10 கிலோ உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்கிறது, அங்கே போகலாமா?

அன்புச் சகோதரிக்கு,

வாந்தி நின்று பத்து நாள் ஆகிறது, இப்போது சாதாரணமாகச் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருப்பது நிம்மதி தருகிறது. அந்த மூன்று நாளில் நீங்கள் ஒரு மருத்துவரிடமும் போகாதது எனக்கு வருத்தம்தான். ஆனால் ஏன் போகவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. ‘வாயைக் கட்டத் தெரியாதவளுக்கு ஊசி எதற்கு?’ என்று மாமியார் கேட்பார் என்ற பயம். அதைவிட, ‘பரீட்சையில் காப்பி அடிப்பதுபோல இருக்கிறது’ என்று உங்களுக்கே உள்ளுக்குள் இருக்கும் உறுத்தல். ஆகவே அந்த உறுத்தலிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் 11 கிலோ குறைத்தீர்கள். அது உங்கள் மன உறுதிக்குச் சான்று. அதன் பிறகு ஏறிய 14 கிலோவை மன உறுதி குறைந்ததற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடம்பில் கொழுப்பு குறையும்போது, கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் குறைகிறது. 1994இல் கண்டறியப்பட்ட இந்த ஹார்மோன்தான் ‘சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது’ என்று மூளைக்குச் சொல்வது. அது குறைந்ததும் மூளை பஞ்சம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. பசியைக் கூட்டுகிறது, உடல் செலவழிக்கும் சக்தியைக் குறைக்கிறது. இரைப்பையிலிருந்து வரும் பசி ஹார்மோனும் கூடுகிறது. சோற்றை விட்ட நான்காவது மாதத்தில், இரவு பதினொரு மணிக்குச் சமையலறையில் விளக்கைப் போடாமல் நின்று மிக்சர் சாப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் காரணம் உங்கள் குணம் அல்ல. பழைய எடையைத் திரும்பப் பிடிக்க உங்கள் உடம்பு நடத்திய போராட்டம் அது. பணியின் முதல் சில ஆண்டுகளில் நானும் ‘குறைவாகச் சாப்பிடுங்கள், நடங்கள்’ என்ற இரண்டு வாக்கியங்களோடு பலரை அனுப்பி வைத்திருக்கிறேன். எடை மேடையில் ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்ட அவர்களை இப்போது நினைத்தால், அந்த அறிவுரை எவ்வளவு போதாது என்பது புரிகிறது.

இரத்த அழுத்தத்துக்கு நீங்கள் தினமும் மாத்திரை போடுகிறீர்கள். அதைக் காப்பி அடிப்பதாக நீங்களும் நினைப்பதில்லை, உங்கள் மாமியாரும் நினைப்பதில்லை. உடல் பருமனும் அதேபோல ஒரு நீண்டகால நோய். உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்கிடும் பி.எம்.ஐ. உங்களுக்கு 37. இந்தியர்களுக்கு 25ஐத் தாண்டினாலே பருமன் என்று நம் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். ஏனென்றால் நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து, சர்க்கரையும் இதய நோயும் முன்கூட்டியே வருகின்றன. எடைக்கான இந்த மருந்துகளின் அனுமதிக் குறிப்பு சொல்வது பி.எம்.ஐ. 30 அல்லது அதற்கு மேல். எடையோடு தொடர்புடைய இன்னொரு நோயும் இருந்தால் 27. உங்களுக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை நோயின் வாசற்படி, கல்லீரல் கொழுப்பு, ஒருவேளை தூக்கத்தில் மூச்சுத் தடையும் இருக்கின்றன. மருந்து பற்றி மருத்துவரிடம் பேச உங்களுக்கு முழுத் தகுதி உண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல் உள்ள பெண்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 40 பேர், புதுச்சேரியில் 46 பேர். இத்தனை பெண்களும் வாயைக் கட்டத் தெரியாதவர்கள் என்று சொல்லிவிட முடியுமா?

அந்தப் பேனாவைப் பற்றி

உங்கள் அக்கா அன்பினால்தான் கொடுத்தார். ஆனாலும் அதில் இரண்டு ஆபத்துகள் இருந்தன. இரண்டையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, அளவு. நீங்கள் குறிப்பிட்டிருக்கும் செமாகுளூடைடு மருந்தை வாரம் 0.25 மில்லிகிராமில் தொடங்கி நான்கு வாரம் போட்டு, பிறகு 0.5, 1, 1.7, கடைசியில் 2.4 என்று மாதத்துக்கு ஒரு படியாக ஏற்ற வேண்டும். உங்கள் அக்கா மாதக்கணக்கில் பழகி எட்டிய அளவை நீங்கள் முதல் நாளிலேயே போட்டுக்கொண்டீர்கள். தொடக்க அளவைப் போல நான்கு மடங்கு. நம் குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இயற்கையாகச் சுரந்து பசியைத் தணிக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதைப் போலவே வேலை செய்யும்படி உருவாக்கிய இந்த மருந்தோ, ஒரு வாரம் கழிந்த பிறகும் பாதி அளவு உடம்பில் இருக்கும். அதனால்தான் வாந்தி ஒரு நாளில் நிற்கவில்லை. அந்த நிலையில் நீர்ச்சத்து வெகுவாகக் குறைந்திருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது, ஊசிமுனையை மாற்றினாலும் பேனாவைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. ஊசியைத் தோலிலிருந்து எடுக்கும் நொடியில் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் பேனாவுக்குள் இருக்கும் மருந்துக் குப்பிக்கு ஏறிவிட வாய்ப்பு உண்டு. புதிய ஊசிமுனை போட்டாலும் குப்பி பழையதுதானே. இன்சுலின் பேனாக்களுக்கும் இதே விதிதான். உங்கள் அக்கா ஆரோக்கியமானவர் என்றே வைத்துக்கொண்டாலும், மருத்துவரைப் பார்க்கும்போது ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனைகளை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சந்தேகத்தை மனத்தில் வைத்துக்கொண்டிருப்பதைவிட ஒரு குப்பி இரத்தம் கொடுத்துத் தீர்த்துக்கொள்வது எளிது.

தைராய்டு மாத்திரை எடுப்பவர் போடலாமா?

கடலூர், புதுச்சேரி இரண்டு ஊரிலும் நான் அடிக்கடி கேட்கும் தவறான தகவல் இது. இது முற்றிலும் பொய் அல்ல என்பதுதான் சிக்கல். தைராய்டு சுரப்பு குறைவாக இருந்து அதற்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த ஊசி தடை அல்ல. தடை என்பது தைராய்டில் வரும் ஒரு தனி வகைப் புற்றுநோய்க்கு மட்டும். அதற்கு மெடுல்லரி புற்றுநோய் என்று பெயர். அது தனக்கோ இரத்த உறவினருக்கோ வந்திருந்தாலும், ‘மென் 2’ எனப்படும் பரம்பரைக் கோளாறு இருந்தாலும் இந்த மருந்தைப் போடக் கூடாது. எலிகளில் செய்த ஆய்வுகளில் அவ்வகைக் கட்டிகள் தோன்றியதால் வைக்கப்பட்ட எச்சரிக்கை அது.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள்: ‘எங்கள் சித்திக்குக் கழுத்தில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள்.’ எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது. தைராய்டுக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே அல்ல. புற்றுநோயிலும் பெரும்பாலானவை மெடுல்லரி வகை அல்ல. ஆனால் ‘இருக்காது’ என்று நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. சித்தி வீட்டு பீரோவில் அந்த அறுவை சிகிச்சைக் கோப்பு இருக்கும். அதில் திசுப் பரிசோதனை அறிக்கை என்ற காகிதத்தைத் தேடி எடுத்து, படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு கிடைக்காவிட்டால் சிகிச்சை செய்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் சித்தியே கேட்டுப் பார்க்கலாம். அந்தக் காகிதத்தைப் பார்க்கும் முன் உங்களுக்கு யாரும் இந்த ஊசியைப் போட வேண்டாம். உங்கள் அக்காவுக்கும் அவர் சித்திதான்; ஆகவே இதை அவரிடமும் இன்றே சொல்லுங்கள்.

இன்னொன்று. எடை குறையும்போது தைராய்டு மாத்திரையின் தேவையும் இரத்த அழுத்த மாத்திரையின் தேவையும் மாறலாம். பத்துக் கிலோ குறைந்த பிறகும் பழைய அளவிலேயே இரத்த அழுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைசுற்றி உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மருத்துவர் மேற்பார்வை என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதில் மருந்துச் சீட்டு சிறு பங்கு; ஊசி வேலை செய்யத் தொடங்கிய பிறகு மற்ற மருந்துகளைத் திருத்துவதுதான் பெரும் பங்கு.

உங்கள் முன் உள்ள வழிகள்

மருந்தே இல்லாத வழியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சென்னையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள் உணவையும் நடைப்பயிற்சியையும் ஒழுங்குபடுத்தியதால் மட்டுமே நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மருந்து எடுத்தாலும் இந்த அடித்தளம் வேண்டும். ஆனால் பி.எம்.ஐ. 37இல், மூன்று முறை முயன்று மீண்டும் எடை ஏறிய ஒருவரிடம் ‘நான்காவது முறை முயலுங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது நியாயம் ஆகாது.

ஆர்லிஸ்டாட் என்ற மாத்திரை நெடுநாளாக இருக்கிறது. சாப்பாட்டோடு விழுங்கினால், சாப்பாட்டில் உள்ள கொழுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உடம்பில் சேரவிடாமல் வெளியேற்றும். பலன் அளவானது. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட அன்று மலம் எண்ணெயாகப் போகும், அடக்கவும் முடியாது. நாள் முழுவதும் வகுப்பில் நிற்கும் உங்களுக்கு அது பெரிய சங்கடம். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. முன்பு சிபுட்ராமின் என்றொரு மாத்திரை பரவலாக விற்றது. இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் விலக்கப்பட்டது. இன்றும் மூலிகை என்ற பெயரில் விற்கப்படும் சில இளைப்புப் பொடிகளில் அதைக் கலந்திருப்பது உலகெங்கும் பல முறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ‘பக்கவிளைவே இல்லாத மூலிகை’ என்று உங்கள் சக ஆசிரியை வாங்கிக் கொடுத்த டப்பாவைத் தொடாதீர்கள். உங்களுக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது.

வாராந்திர ஊசிகள் இரண்டு. செமாகுளூடைடு எடைக்கான பெயரில், அதாவது வெகோவி என்ற பெயரில், 2025 ஜூனில் இந்தியாவுக்கு வந்தது. டிர்செபடைடு, மவுன்ஜாரோ என்ற பெயரில், அதே ஆண்டு மார்ச்சில் வந்தது. 1,961 பேரிடம் 68 வாரம் நடந்த ஆய்வில் செமாகுளூடைடு போட்டவர்களின் எடை சராசரியாக 14.9 விழுக்காடு குறைந்தது; ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு 2.4 விழுக்காடு. டிர்செபடைடு ஆய்வு 72 வாரம் நடந்தது. அளவுக்கு ஏற்ப 15 முதல் 21 விழுக்காடு வரை குறைந்தது. இரண்டு ஆய்விலும் எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனையும் கொடுக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். இவை சராசரிகள். சிலருக்கு இதைவிட அதிகம் குறையும், சிலருக்கு மிகக் குறைவு. முழு அளவை எட்டி ஆறு மாதம் ஆன பிறகும் 5 விழுக்காடுகூடக் குறையவில்லை என்றால், உங்களுக்கு 4.4 கிலோ, அந்த மருந்தைத் தொடர்வதா என்று மறுபடி யோசிக்க வேண்டும்.

குமட்டல், மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு ஆகியவை பலருக்கும் வரும். அளவைப் படிப்படியாக ஏற்றினால் பெரும்பாலும் அடங்கும். அபூர்வமாகக் கணைய அழற்சி வரலாம். மேல்வயிற்றில் கடுமையான வலி எடுத்து முதுகுப் பக்கம் பரவி, விடாமல் இருந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, அப்போதே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எடை வேகமாகக் குறைந்தால் பித்தப்பையில் கல் உருவாகலாம். உங்கள் பழைய ஸ்கேன் அறிக்கையில் பித்தப்பை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்த ஊசி போடுவதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். வெறும் வயிறு என்று நினைத்த வயிற்றில் சாப்பாடு இருக்கும்.

தசை இழப்பைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. குறையும் எடை முழுவதும் கொழுப்பு அல்ல. கால் பங்கு, சிலருக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், தசை. ஊசி போட்டால் பசி குறையும். நம் வீடுகளில் பசி குறைந்தால் முதலில் தட்டை விட்டுப் போவது பருப்பும் மீனும் முட்டையும்தான். ‘இரண்டு இட்லி போதும்’ என்று எழுந்துவிடுவார்கள். அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். தட்டில் முதலில் முட்டை, சுண்டல், பயறு, கெட்டித் தயிர், குழம்பில் போட்ட மீன். கடலூரில் இருந்துகொண்டு மத்தியும் கானாங்கெளுத்தியும் கிடைக்காது என்று சொல்ல முடியாது. பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். அதைச் சாப்பிட்ட பிறகுதான் இட்லியோ சோறோ. நடையோடு தசைக்கும் வேலை வேண்டும். சில்வர் பீச்சில் நடப்பது மனத்துக்கும் இதயத்துக்கும் நல்லது. வீட்டில் கைப்பிடி இல்லாத நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாக மூன்று முறை செய்யுங்கள். முழங்கால் வலி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் முதலில் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரமாக்கிக்கொள்ளுங்கள்.

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையும் ஒரு வழிதான், உங்கள் பி.எம்.ஐ.க்கும் நோய்களுக்கும் அதைப் பற்றிப் பேச இடம் உண்டு. முதல் படியாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

ஆவணிக்குள் 15 கிலோ

இது நடக்காது, நடக்க வைக்கவும் கூடாது. முழு அளவை எட்டவே நான்கு மாதம் ஆகும். ஒழுங்காகத் தொடங்கினால் திருமணத்துக்குள் நான்கைந்து கிலோ குறைவதை எதிர்பார்க்கலாம். பட்டுப்புடவை கட்டும்போது அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஆனால் 5 விழுக்காடு எடை குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும்.

அதன் பிறகு நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முன்பு சொன்ன செமாகுளூடைடு ஆய்வில், ஊசியை நிறுத்தியவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, குறைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுகிறதல்லவா, அதே கணக்குதான். ஆகவே தொடங்கும் முன்பே, ‘இதை ஆண்டுக்கணக்கில் எடுக்க என்னால் முடியுமா?’ என்ற கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அறிமுகமானபோது இந்த ஊசிகளின் செலவு மாதத்துக்கு 14,000 ரூபாயில் தொடங்கியது. அளவு கூடக் கூட விலையும் கூடியது. செமாகுளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதன் பிறகு மற்ற இந்திய நிறுவனங்களின் தயாரிப்புகளுக்கு வழி திறக்கிறது. வெளிநோயாளியாக வாங்கும் மருந்துக்குப் பெரும்பாலான காப்பீடுகள் பணம் தருவதில்லை. நகையை அடகு வைத்து மூன்று மாதம் போட்டுவிட்டு நிறுத்துவதற்கு, தொடங்காமல் இருப்பதே மேல். முதலில் ஓராண்டுச் செலவைக் கணக்குப் போடுங்கள்.

மாதவிலக்கு சீராகும்போது

உங்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவதற்கு எடையும் ஒரு காரணமாக இருக்கலாம். எடை குறைந்தால் கருமுட்டை வெளிவருவது சீராகும். ‘எனக்கு இனிக் கரு நிற்காது’ என்று நம்பியிருந்தவர்கள் கருவுற்றதை நான் பார்த்திருக்கிறேன். கர்ப்பத்தில் இந்த மருந்து கூடாது. குழந்தைக்குத் திட்டமிட்டால் செமாகுளூடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு போடுபவர்களுக்கு, தொடங்கிய பிறகும் ஒவ்வொரு முறை அளவை ஏற்றிய பிறகும் நான்கு வாரத்துக்குக் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. இந்த விஷயத்தில் கணவரோடு பேசாமல் இருக்க முடியாது. அடுத்த கேள்விக்கும் இதுதான் வழி.

கணவரின் சம்மதம்

சட்டப்படி தேவையில்லை. வயது வந்த ஒருவரின் சிகிச்சைக்கு அவருடைய சம்மதமே போதும். நீங்கள் சொல்வதை உங்கள் அனுமதி இல்லாமல் கணவரிடமோ மாமியாரிடமோ மருத்துவர் சொல்லக் கூடாது. அது உங்கள் உரிமை, அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் சொல்லிவிடுங்கள் என்றுதான் நான் கேட்டுக்கொள்வேன். ‘ஊசியெல்லாம் வேண்டாம், உனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?’ என்று அவர் சொன்னதாகத்தானே எழுதியிருக்கிறீர்கள்? எனக்கு அதில் அதிகாரத்தைவிடப் பயம்தான் கேட்கிறது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். அவர் பயப்படும் கேள்விகளை அவரே கேட்கட்டும். இரவு உங்கள் குறட்டை எப்படி இருக்கிறது, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்பதை அவரால்தான் சொல்ல முடியும். மருத்துவருக்கு அது மிகவும் தேவையான செய்தி. மாமியாரிடம் எடுத்த எடுப்பில் ஊசியைப் பற்றிப் பேச வேண்டாம். ‘கல்லீரலுக்கும் பிரஷருக்கும் வைத்தியம் பார்க்கிறேன்’ என்று சொல்லுங்கள். அதில் பொய் எதுவும் இல்லை.

உத்தரவாதம் தரும் மையம்

போகாதீர்கள். உடல் பருமனைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்திருக்கிறது. அதன் நோய்ப் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. இந்த ஊசி மருந்துச் சீட்டுக்கு மட்டுமே விற்கப்பட வேண்டியது. போலி செமாகுளூடைடு புழங்குவதாக உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரித்தது. பெயர் ஒட்டாத சிரிஞ்சில் ஏற்றித் தருவதை, அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், உங்கள் தோலுக்குள் விடாதீர்கள். உரிமம் பெற்ற மருந்துக் கடையில் தொகுதி எண் போட்ட ரசீதோடு வாங்குங்கள்.

முதல் சந்திப்புக்கு

பொது மருத்துவரையோ, ஹார்மோன் கோளாறுகளைப் பார்க்கும் உட்சுரப்பியல் நிபுணரையோ பாருங்கள். புதுச்சேரி ஜிப்மரில் உட்சுரப்பியல் துறை இருக்கிறது. உங்களுக்குக் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையும், சிதம்பரத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பக்கம். சித்தியின் அறிக்கை, பழைய ஸ்கேன், இப்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், நாட்டு மருந்து டப்பா உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அக்கா போட்ட ஊசியைப் பற்றித் தேதியோடு சொல்லுங்கள். மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று மறைக்க வேண்டாம். இரத்த அழுத்தம் பார்க்கும்போது பெரிய கைக்கான பட்டையைக் கேட்டு வாங்குங்கள். சிறிய பட்டையை இறுக்கிக் கட்டினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி இன்னொரு மாத்திரையும் சேர்ந்துவிடும். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, கொழுப்புப் பரிசோதனைகளும், தேவைப்பட்டால் தூக்கப் பரிசோதனையும் செய்வார்கள். தொடங்கிய பிறகு முதல் சில மாதங்கள் மாதம் ஒருமுறையாவது நேரில் போக வேண்டும்.

மருந்து கிடைத்த பிறகு அதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைபெட்டியில் வைத்து உறைந்துவிட்டால் பயனில்லை. வெளியில் வைக்கக்கூடிய நாட்கள் ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறு. அதுவும் 30 டிகிரி வரைதான், நம் ஊர் அக்கினி நட்சத்திர வெயிலில் அறைக்குள்ளேயே அதைத் தாண்டிவிடும். 2011இல் தானே புயலுக்குப் பிறகு கடலூரில் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 2024இல் ஃபெஞ்சலின்போதும் இதே பாடுதான். ஆகவே ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ஒரு மாதத்துக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள்.

ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பேனாவை இன்றே எடுத்துவிடுங்கள். இன்னொரு முறை போட்டுப் பார்க்கவும் வேண்டாம், அக்காவுக்குத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். குப்பைக் கூடையில் போட்டால் துப்புரவுப் பணியாளரின் கையில் குத்திவிடும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருந்து, மருத்துவரைப் பார்க்கப் போகும் அன்று அதே பையில் எடுத்துப் போய், மருத்துவமனையில் ஊசிக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.